எசப்பாட்டுத் தம்பதிகளைத் தேடி: மதுரைப் பக்கம் ஒரு பங்குனிப் பயணம்

புதன், நாகமலை புதுக்கோட்டை

கணவனும் மனைவியும் வரிக்கு வரி பதில் சொல்லிச் சேர்ந்து பாடும் எசப்பாட்டைத் தேடி மதுரைக்கு வருகிறவர்கள் முதலில் தேனி சாலையில் மேற்கே போக வேண்டும் என்பது என் எண்ணம். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டினால் காமராசர் பல்கலைக்கழகம். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் நாட்டுப்புறக் கலைகளைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்த இடம் அது. பெயரைக் கேட்டால் ஒரே ஆள் மாதிரி இருக்கும். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் எப்போதும் இரண்டு குரல். மனைவி ஒரு வரி, கணவர் ஒரு வரி. நடுவில் அந்தப் பாட்டு எங்கே, எந்த வேலையின்போது பாடப்பட்டது என்று சின்ன விளக்கம். பொங்கல் நாளில் தொலைக்காட்சியில் இவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள்.

2018-ல் விஜயலட்சுமி அம்மாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ் நாட்டுப்புறப் பாடல்களையும் பழங்குடிப் பாடல்களையும் தேடித் தொகுத்துக் காப்பாற்றியதற்காக அந்த விருது. ஊர் ஊராகப் போய் வயல்காட்டிலும் வாசல் திண்ணையிலும் உட்கார்ந்து கேட்டு எழுதிய உழைப்பு அது. ஆராய்ச்சி செய்தவர்கள் பலர் உண்டு, பாடியவர்களும் பலர் உண்டு. கேட்டு எழுதிய பாட்டைத் தாங்களே மேடையேற்றிப் பாடிக் காட்டிய தம்பதி என்றால் எனக்கு இவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

வளாகத்தில் நல்ல வெயில். நாகமலை நீளமாகப் படுத்துக் கிடக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் இருந்த மாணவிகளிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர்களுக்குத் தெரிந்த ஜோடி செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும். இருவரும் ஒன்றாகப் போட்டியிட்டு, 2018-ல் செந்தில் சூப்பர் சிங்கர் பட்டம் வாங்கினாரே, அந்த ஜோடி. அதே 2018. ஒரே வருடத்தில் ஒரு தம்பதிக்கு டெல்லியில் மரியாதை, இன்னொரு தம்பதிக்கு வீட்டுக்கு வீடு டிவியில் மரியாதை. இந்த இரண்டுக்கும் நடுவே, விருதும் இல்லாமல் டிவியும் இல்லாமல், ஊர்த் திருவிழாக்களை நம்பி முப்பது வருடமாகப் பாடுகிற ஜோடிகள் மதுரையைச் சுற்றி இருக்கிறார்கள். நான் வந்தது அவர்களில் ஒரு ஜோடியைப் பார்க்க. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் அக்கா, அண்ணன் என்றே எழுதுகிறேன்.

வியாழன், சோழவந்தான் பக்கம்

சோழவந்தான் போகிற வழியெல்லாம் பச்சை. வைகையும் பெரியாறு கால்வாயும் சேர்ந்து கொடுக்கிற பச்சை. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் வந்த பிறகு இரண்டு போகம் கண்ட பூமி இது. வெற்றிலைக்கும் பேர் போன ஊர். 2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், அக்காவின் அம்மா இந்த வயல்களில் நடவு நட்டவர். நடவு வரிசையில் முதல் ஆளாக நின்று பாட்டெடுத்துக் கொடுப்பவர் அவர்தான். மற்றவர்கள் பின்பாட்டு. அக்கா அந்த வரப்பில் தூளியில் கிடந்து வளர்ந்தவர்.

வீடு சின்னதுதான். ஒரு அறை முழுக்க ஸ்பீக்கர் பெட்டி, ஒயர் சுருள், ரிதம் பேட், துணி சுற்றிய உறுமி, தவில். "வாம்மா, உக்காரு. எதையும் மிதிச்சுறாத, எல்லாம் சோறு போடுற சாமான்," என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவரே ஒயரை ஒதுக்கிப் பாய் போட்டார்.

இவர்கள் கதை தொடங்கியது அறிவொளி இயக்கத்தில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் ஊராக எழுத்தறிவுக்காகக் கலைப்பயணம் போன குழுக்களில் நிறைய இளைஞர்கள், இளம்பெண்கள் சேர்ந்தார்கள். அண்ணன் டோலக் வாசிக்கப் போனார், அக்கா பாடப் போனார். ஒரு ஊரில் மைக் வேலை செய்யவில்லை. அக்கா பாடிய வரி பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று அண்ணன் கூட்டத்தின் கடைசியில் போய் நின்று அதையே திருப்பிப் பாடினாராம். அக்கா அங்கிருந்து அடுத்த வரி, அண்ணன் இங்கிருந்து பதில் வரி. கூட்டம் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறது. "அன்னிக்குப் புடிச்சதுதான்," என்றார் அண்ணன். எதைச் சொன்னார், பாட்டையா அக்காவையா என்று நான் கேட்கவில்லை.

கல்யாணம் அவ்வளவு லேசில் நடக்கவில்லை. ராத்திரி மேடையில் பாடுகிற பெண் என்றால் அன்றைக்கு ஊர் பேசிய பேச்சு வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெண்கள் பாடாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. தாலாட்டு, நடவு, கும்மி, குலவை, ஒப்பாரி எல்லாம் பெண்கள் கையில் இருந்த பாட்டுகள். ஆனால் அவை மேடை இல்லாத இடத்தில் பாடப்பட்டவை. அதே பெண் காசு வாங்கிக்கொண்டு திருவிழா மேடையில் ஏறினால் ஊர்க்கண்ணுக்கு அவள் வேறு ஆளாகிவிடுகிறாள். கணவனோடு வருகிறாள் என்றால் பேச்சு கொஞ்சம் அடங்கும். ஊர்க் கமிட்டிக்காரர்கள் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைப்பார்கள். அக்கா ஒளிக்காமல் சொன்னார்: "இவுக கூட இல்லேன்னா என்னய மேடையேத்தி இருக்க மாட்டாக. நான் இல்லேன்னா இவுகளுக்குப் பாட்டே கெடையாது."

இரண்டுமே உண்மை. அவர்கள் மேடையில் பாடுவதில் பாதிக்கு மேல் அக்காவின் அம்மா நடவில் பாடியது. அண்ணன் அதற்குத் தாளம் கட்டினார், நடுவே ஆண்குரல் வரிகள் சேர்த்தார், ஏழு எட்டு நிமிடத்துக்கு வெட்டி ஒட்டினார். ஆனால் அவர்களின் சாமி பாட்டு ஒன்று கேசட்டாக வந்தபோது அட்டையில் போட்டது அண்ணன் பெயரும் படமும். அக்கா பெயர் "குழுவினர்" என்பதற்குள் போய்விட்டது. ஒரே தடவை பணம் கொடுத்துவிட்டு மொத்த உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சாமி பாட்டு இன்றைக்கும் கோயில் கொடைகளில் ஓடுகிறது. இவர்களுக்கு ஒரு பைசா வராது.

மத்தியானம் மீன்குழம்பு. சாப்பிடும்போதும் இருவருக்கும் சுருதிச் சண்டை. ஜோடியாகப் பாடுகிறவர்களுக்கு இதுதான் தீராத சிக்கல். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், எண் கூடக் கூடச் சுருதி ஏறும். ஆணுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை சுகம். பெண்ணுக்கு ஐந்து, ஐந்தரை. ஒரே பாட்டில் இருவரும் மாறி மாறிப் பாட வேண்டும் என்றால் யாரோ ஒருவர் இறங்க வேண்டும், இல்லை ஒருவர் ஏற வேண்டும். இவர்கள் நாலு கட்டையில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அக்கா கொஞ்சம் இறங்குகிறார். அண்ணன் மேல் ஸ்தாயியில் தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஏறுகிறார். அந்தக் கிழிசல்தான் தெம்மாங்குக்கு அழகு என்பது என் கட்சி. அண்ணனுக்கு வயது ஏறிவிட்டது, மூணுக்கு இறக்கலாம் என்கிறார். "இறக்குனா என் பாட்டு ஒப்பாரியாயிரும்," என்று அக்கா ரசத்தை ஊற்றினார்.

வெள்ளி, உசிலம்பட்டிப் பக்கம்

பங்குனிப் பொங்கல். ஊர் முழுக்கச் சீரியல் பல்பு. முளைப்பாரி வரிசையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊருக்குக் கச்சேரி கிடைத்ததே பெரும்பாடு என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். ஆடல் பாடல் என்றாலே இப்போது அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. காவல் நிலையத்தில் கிடைக்காதபோது உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் உத்தரவு வாங்கி வருகிற ஊர்கள் எத்தனையோ. ஆபாச ஆட்டம் கூடாது, சாதியைத் தூக்கிப் பாடக் கூடாது, கட்சிப் பாட்டு கூடாது என்று நிபந்தனைகளோடு உத்தரவு வரும். நியாயமான நிபந்தனைகள்தான். ஆனால் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிற கூட்டமும் கிராமியப் பாட்டுக் குழுவும் ஒரே கணக்கில் அடைபட்டுவிடுகின்றன.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000-ல் வந்தது. அது இந்தக் கலைக்குள் என்ன செய்தது என்பதை நேற்றுத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். முன்பெல்லாம் கச்சேரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும். சாமி வணக்கம், ஊர் வணக்கம், தெம்மாங்கு, எசப்பாட்டு, கேலி கிண்டல் எல்லாம் முடிந்து, இரண்டு மணிக்குமேல் குழந்தைகள் தூங்கிய பிறகு கதைப்பாட்டும் ஒப்பாரியும் எடுப்பார்கள். கூட்டம் குறைந்திருக்கும், இருப்பவர்கள் அசையாமல் கேட்பார்கள். அக்காவின் பெயர் பரவியதே அந்த இரண்டு மணிப் பாட்டுகளால்தான். இப்போது ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிக்க வேண்டும். முதலில் வெட்டுப்பட்டவை மெதுவான பாட்டுகள். ஊர் தூங்க வேண்டும், நோயாளி தூங்க வேண்டும், பரீட்சைக்குப் பிள்ளைகள் படிக்க வேண்டும், எல்லாம் சரி. ஆனால் அந்தப் பாட்டுகளுக்கு வேறு எந்த மேடையும் இன்னும் அமையவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஏழரைக்கு அண்ணன் உறுமியைக் கையில் எடுத்தார். வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்க்கத் தேய்க்க, அடிவயிற்றிலிருந்து வருவது மாதிரி ஒரு முனகல். தவில் சேர்ந்தது. அக்கா பட்டுப்புடவையைச் சொருகிக்கொண்டு மேடைக்கு வராமல், முளைப்பாரிப் பெண்களுக்கு நடுவிலிருந்து குரல் கொடுத்தார். கூட்டம் திரும்பியது. அறிவொளிக் காலத்து உத்தி இன்னும் வேலை செய்கிறது!

எசப்பாட்டு வந்தபோது அண்ணன் எடுத்தார்:

"சந்தைக்குப் போற புள்ள, சாயச்சீல கட்டும் புள்ள,
எந்த ஊரு வளவியடி, எனக்கு ரெண்டு தருவியாடி?"

அக்கா ஒரு மூச்சு விட்டுவிட்டு:

"வளவிக்கு ஆசப்பட்டு வாயடிக்கும் மச்சானே,
களையெடுக்க வந்து நில்லு, கை நெறையப் போட்டுத் தாரேன்!"

பெண்கள் பக்கம் குலவை வெடித்தது. இந்த வரிகள் முந்தின நாள் வீட்டில் கேட்டவை அல்ல. பழைய மெட்டில் அந்த இடத்தில் கட்டியவை. அண்ணன் எங்கே மூச்சு வாங்குவார் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. அக்கா எந்தச் சொல்லில் இழுப்பார் என்று அண்ணனுக்குத் தெரிந்து, தவில்காரருக்குக் கண்ணைக் காட்டுகிறார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் சண்டையும் சமாதானமுமாக இருந்த இருவருக்குத்தான் இந்த வேகம் வரும். வெறும் ஒத்திகையால் வராது.

இதற்கு மதுரையில் ஆழமான வேர் உண்டு. வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்துக்காகவே விடிய விடியக் காத்திருக்கும் ஊர்கள் இவை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அந்த நாடக மரபில்தான் கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஜோடியாக நின்று பாடினார்கள். வாழ்க்கையிலும் இணைந்தார்கள். கிட்டப்பா 1933-ல் 27 வயதில் போய்விட்டார். அதற்குப் பிறகு 1980 வரை வாழ்ந்த சுந்தராம்பாள் மேடையில் வேறு யாருக்கும் ஜோடியாக நிற்கவில்லை. அக்காவுக்கு இந்தக் கதை மனப்பாடம். கச்சேரி முடிந்து வேனில் வரும்போது அவரே சொன்னார்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மைக் நின்றது. ஒப்பாரி பாடச் சொல்லிக் கேட்ட கிழவி ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா மைக் இல்லாமல் அங்கேயே நின்று பாடினார். சுற்றி ஏழெட்டுப் பேர். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முழுக்க எனக்குக் கேட்கவில்லை. கேட்டவரை போதும்.

சனி, பரவை

இன்று ஓய்வு. காலையில் பரவைக்குப் போய் வந்தேன். இப்போது பரவை என்றால் காய்கறி மொத்தச் சந்தை. எனக்கு முனியம்மா பாட்டியின் ஊர். நாட்டுப்புறப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவரை 2003-ல் சினிமா தமிழகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய சில நாட்களில் காலமானார்.

அந்த ஊரடங்கு பற்றி அண்ணன் நேற்று வேனில் பேசியதை இங்கே எழுதிவிடுகிறேன். 2020, 2021 இரண்டு சித்திரையிலும் அழகர் வைகை ஆற்றில் இறங்கும் நிகழ்ச்சியே நடக்கவில்லை. பங்குனி முதல் ஆடி வரை சம்பாதித்து மீதி மாதங்களை ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு சீசன் போனால் என்ன மிஞ்சும்? அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டினார். அக்கா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போனார். கிள்ளும்போது பாடினாராம். உடன் இருந்த பெண்கள், "காசு குடுக்காமக் கச்சேரி கேக்குறோம்" என்று சிரித்திருக்கிறார்கள். 2007-ல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிவு செய்திருந்ததால் கொஞ்சம் உதவி வந்தது. பதிவு செய்யாத உறுமிக்காரர்களுக்கு இவர்களே அரிசி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

மத்தியானம் பருத்திப்பால் குடித்துவிட்டுத் தூங்கினேன்.

ஞாயிறு, மதுரை

ஒத்திகை. செல்லூர் பக்கம் ஒரு மாடி அறை. அக்காவின் தம்பி மகன் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறான், இன்ஜினியரிங் முடித்தவன். நண்பன் ஒருவன் டிரம்ஸ். அத்தை பாட்டையும் ராக்கையும் சேர்த்து ஒரு மணி நேர நிகழ்ச்சி தயாரிக்க வேண்டும் என்று ஆறு மாதமாக வற்புறுத்துகிறான். நாட்டுப்புறப் பாட்டோடு கிதார் சேர்ந்தால் பாட்டு கெட்டுவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கெடுப்பது கீபோர்டுதான். அதில் ஸ்வரங்கள் படிக்கட்டு மாதிரி நிற்கும், தெம்மாங்கின் இழுப்பு படிக்கட்டில் நடக்காது. கிதாரில் கம்பியை வளைக்கலாம், சறுக்கலாம். உறுமி முனகும்போது கிதாரும் கூடவே முனக முடியும். கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கவ்வியை முதல் கட்டத்தில் மாட்டி அவன் நாலு கட்டைக்கு வந்தான். உறுமியோடு சேர்ந்து ஒரு நீண்ட இழுப்பு இழுத்தான். அண்ணன் முகம் மாறியதைப் பார்த்தேன். "இன்னொருக்கா வாசிடா," என்றார்.

இடைவேளையில் பையன் தன் போனில் ஒரு இங்கிலாந்துத் தம்பதியின் பாட்டைப் போட்டுக் காட்டினான். ரிச்சர்ட் தாம்சன், லிண்டா தாம்சன். அந்த நாட்டுப் பழைய பாட்டையும் எலெக்ட்ரிக் கிதாரையும் சேர்த்த குழுவில் அறுபதுகளிலேயே வாசித்தவர் ரிச்சர்ட். 1972-ல் கல்யாணம். 1974-லிருந்து 1982 வரை ஆறு ஆல்பம். கடைசி ஆல்பம் வெளிவந்து அமெரிக்கா முழுக்கக் கச்சேரி செய்தபோது இருவரும் பிரிந்துகொண்டிருந்தார்கள். பிரிவை வைத்துக்கொண்டே ஒவ்வொரு இரவும் மேடையில் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறார்கள். பின்னால் லிண்டாவுக்குத் தொண்டைக் கோளாறால் குரல் கட்டுப்பட்டுவிட்டது. 2024-ல் அவர் எழுதிய பாட்டுகளை மற்றவர்கள் பாடி ஓர் ஆல்பமாக வெளியிட்டார்கள்.

மொழி புரியாவிட்டாலும் அக்கா கண்ணை மூடிக் கேட்டார். "இந்தப் பொண்ணு அழுகாமப் பாடுது பாரு. அழுதுட்டா ஈசி. அழுகாமப் பாடணும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தொண்டை போன பெறகும் பாட்டு எழுதி அடுத்தவக பாடுனாகளா?" என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகுதான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அக்காவின் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. நடவுப்பாட்டுகளில் மேடைக்கு வந்தது பாதிதான். மீதி அவர் நினைவில் இருக்கிறது. நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது. நட வரும் பெண்களும் குறைந்து, வரிசையாக நின்று பாடுவது நின்றுவிட்டது. அம்மாவை மாடிக்கு ஏற்ற முடியாது, சோழவந்தானிலேயே வீட்டில் வைத்துப் பதிவு செய்வோம் என்று பையன் சொன்னான். கிதாரை எங்கே சேர்ப்பது? முதல் இரண்டு பாட்டு அம்மா குரல் மட்டும் என்று அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மூன்றாவதிலிருந்து அக்கா, அப்புறம் அண்ணன் எசப்பாட்டு, அதற்கு அப்புறம் கிதார்.

பெயர் எப்படிப் போடுவது என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. முப்பது வருடமாக பேனரில் அண்ணன் பெயர் பெரிதாக, அக்கா பெயர் கீழே. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணன்தான் பேசினார்: "மொதல்ல அத்தை பேரு. அப்புறம் இவ பேரு. பெறகு நம்ம பேரு." அக்கா, "அப்ப கேசட்டுல ஏன் போடல?" என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்லாமல் உறுமிக் கயிற்றை இறுக்கினார். அக்காவும் விடவில்லை. கேள்வியையே மெட்டுக்குள் போட்டு எசப்பாட்டாக எடுத்துவிட்டார். டிரம்ஸ் பையன் தாளத்தைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் இரண்டாவது சுற்றில்தான் பதில் வரி கண்டுபிடித்தார். நல்ல வரி. பதிவில் வரட்டும், இங்கே எழுத மாட்டேன்.

இரவு ரயிலுக்குக் கிளம்பும்முன் இவர்களுடைய சீசன் நோட்டைப் பார்த்தேன். வைகாசி வரை வாடிப்பட்டி, பேரையூர், ஆண்டிபட்டி என்று தேதி விழுந்திருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வருகிறவர்கள் சுற்றுப்பக்க ஊர்களில் எங்காவது உறுமிச் சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்க் கேளுங்கள். ஏழு மணிக்கே போய்விடுங்கள், பத்துக்கு முடிந்துவிடும்.